கடைசியாகத் தொட்டவர்தான் குற்றவாளியா?

*நார்த்தாமலைத் துப்பாக்கிக் குண்டு முதல் செம்மங்குப்பம் ரயில்வே கேட் வரை: ‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடப்படும் கோப்புகளுக்குள் ஒரு பார்வை*

2021 டிசம்பர் 30, காலை. நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் 11 வயதுச் சிறுவன் ஒருவன். பசுமலைப்பட்டிப் பக்கத் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினருக்கு அன்று பயிற்சி. சுடும் சத்தம் அந்த வட்டாரத்துக்குப் பழகிப்போன ஒன்று. யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இலக்கைத் தவறவிட்ட ஒரு குண்டு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கடந்து வந்து பையனின் தலையில் பாய்ந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனை, அங்கிருந்து தஞ்சாவூர், அறுவை சிகிச்சை. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் நிவாரணம் அறிவித்தார் முதல்வர்.

நம் குடுமியான்மலையிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் நடந்த இந்தச் சம்பவத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ‘சுட்டது யார்?’ என்பதுதான். எந்தத் துப்பாக்கி, எந்தக் கை என்று தேடுவது காவல்துறையின் கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் நமக்குப் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. துப்பாக்கி சுடும் தளம் என்பதே குறி தவறுகிறவர்களுக்காகக் கட்டப்பட்ட இடம். குறி தவறாதவருக்கு அங்கே என்ன வேலை? ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக்கூடியது என்பது படையினருக்கும் தெரியும், தளத்துக்கு அனுமதி கொடுத்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இலக்குக்குப் பின்னால் தடுப்பு மேடு, சுடும் திசையில் ஆளில்லாத நிலப்பரப்பு, சிவப்புக் கொடி, காவலாள் என்று விதிகள் இருக்கின்றன. பயிற்சி எடுக்கும் ஒருவரின் கை அசைவது அங்கே விதிவிலக்கு அல்ல, அன்றாட நிகழ்வு. அன்றாட நிகழ்வு ஒன்று ஓர் உயிரைப் பறிக்கிறதென்றால், விசாரணை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கை அல்ல, தளத்தின் வரைபடம்.

பட்டாசு ஆலை, ரயில்வே கேட், அனல்மின் நிலையம், வயல்காடு என எங்கே விபத்து நடந்தாலும் மறுநாள் செய்தியில் ஒரே சொல்லைத்தான் பார்க்கிறோம்: ‘கவனக்குறைவு’. அநேகமாக அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கடைநிலை ஊழியர் நிற்பார். சில சமயம் அவர் உயிரோடு இருக்க மாட்டார். மனிதத் தவறு இல்லை என்று யாரும் வாதாடவில்லை. மனிதத் தவறு இருந்தது என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வதால்தான் அடுத்த விபத்து அதே இடத்தில், அதே மாதிரி நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏழில் ஆறு

2024 ஜூன் 17. மேற்கு வங்கத்தில் நியூ ஜல்பைகுரிக்கு அருகே, ரங்காபானி நிலையத்தைத் தாண்டிய பகுதியில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. பத்துப் பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் ஓட்டுநரும் அவர்களில் ஒருவர். இடிபாடுகளை அகற்றி முடிப்பதற்குள்ளாகவே, சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என்று ரயில்வே வாரியத்திலிருந்து விளக்கம் வந்துவிட்டது. பதில் சொல்ல அவர் இல்லை.

பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரித்தபோது வேறு கதை வெளியே வந்தது. அன்று அதிகாலை 5.50 மணியிலிருந்தே அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் பழுது. பழுதான சிக்னல்களைக் கடந்து செல்லலாம் என்று நிலையத்திலிருந்து ஓட்டுநர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது அந்தச் சீட்டில் இல்லை. விபத்துக்கு முன்பு மொத்தம் ஏழு ரயில்கள் அந்தப் பாதையில் நுழைந்தன. பழுதான ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சென்றது ஒரே ஒரு ரயில். மற்ற ஆறும் அப்படிச் செய்யவில்லை. விதியைக் கடைப்பிடித்த அந்த ஒரு ரயில்தான் கஞ்சன்ஜங்கா, அடிபட்டதும் அதுவேதான்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏழு ஓட்டுநர்களில் ஒருவர் தவறினால், அவரைப் பற்றி விசாரிக்கலாம்: தூங்கினாரா, குடித்திருந்தாரா, பயிற்சி போதவில்லையா என்று. ஆறு பேர் ஒரே காலைப்பொழுதில் ஒரே மாதிரி நடந்துகொண்டால், அது அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சீட்டையும், பயிற்சியையும், அந்தப் பாதையை நிர்வகித்த முறையையும் பற்றிய தகவல். ஐந்து ரயில்கள் தப்பித்தன, ஆறாவது தப்பவில்லை. இறந்த ஓட்டுநருக்கும் அவருக்கு முன்னால் போன ஐந்து பேருக்கும் நடத்தையில் பெரிய வித்தியாசம் இல்லை, நேரம்தான் வித்தியாசம். இது நடக்கக் காத்திருந்த விபத்து என்ற பொருளில்தான் ஆணையரும் எழுதினார். முந்தைய ஆண்டு ஜூன் 2 அன்று பாலசோரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 290 பேருக்கு மேல் பலிகொண்ட விபத்தில் சிக்கியபோதும் விசாரணை இதே போன்ற ஒன்றைச் சொன்னது. சிக்னல் வயர்களில் பெயர்க்குறிகள் தவறாக இருந்தன. அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதம் கிட்டத்தட்ட இதே கோளாறு தலைகாட்டி, யாருக்கும் அடிபடாமல் கடந்து போயிருந்தது. அடிபடாததால் அது பாடமாகவில்லை.

பெட்டிச் செய்தி: 88 சதவீதம் எங்கிருந்து வந்தது?

*பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் ஓர் எண் உலவுகிறது: ‘விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நிகழ்கிறது’. சொன்னவர் எச்.டபிள்யூ. ஹைன்ரிச், அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; 1931இல் வெளியான அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. இயந்திரக் கோளாறுக்கு அவர் ஒதுக்கியது 10 சதவீதம், தவிர்க்க முடியாதவைக்கு 2. கணக்கிட எடுத்துக்கொண்டவை காப்பீட்டு நிறுவனத்தின் கோப்புகளும் ஆலைகளின் விபத்துப் பதிவுகளும். அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். மூலக் கோப்புகள் கிடைக்காததால் அந்தக் கணக்கை இன்றுவரை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. மேற்பார்வையாளர் எழுதும் அறிக்கையில் மேற்பார்வை சரியில்லை என்று எத்தனை முறை வந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.*

கேட்டும் எண்ணும்

நம் ஊருக்கு வருவோம். 2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேன் மீது மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் கீப்பர் அன்றே பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். கேட்டை மூடாமலேயே மூடிவிட்டதாக நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார் என்றது ரயில்வே விசாரணை. இது சிறு பிசகு அல்ல, பொய்த்தகவல். அதற்குத் தண்டனை உண்டென்றால் அதை ஏற்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பொய்யை எது சாத்தியமாக்கியது? செம்மங்குப்பத்தில் இருந்தது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அங்கே நடைமுறை இப்படி: ரயில் வருவதற்கு முன் நிலைய அதிகாரி போன் செய்வார், கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, ‘மூடியாயிற்று’ என்று சொல்லி ஒரு ரகசிய எண்ணைக் கொடுப்பார், அந்த எண்ணை எழுதிக்கொண்டு நிலைய அதிகாரி ரயிலுக்கு வழிவிடுவார். மூடிய கேட்டுக்கும் பச்சை சிக்னலுக்கும் நடுவே ஒரு மனிதக் குரல் மட்டுமே இருக்கிறது. சிக்னலோடு இணைத்த கேட்டில் கதை வேறு: கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். கேட் கீப்பர் தூங்கலாம், மறக்கலாம், பொய்யும் சொல்லலாம், ரயில்தான் வராது.

எந்த கேட்டை இணைப்பது, எதை விடுவது என்பதை ரயில்வே ஒரு கணக்கு வைத்து முடிவு செய்கிறது. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனப் போக்குவரத்து அலகுகளோடு பெருக்கினால் வருவதுதான் அந்த எண். அது 20,000ஐத் தாண்டும் கேட்கள்தான் கட்டாயம் இணைக்கப்பட வேண்டியவை என்று வைத்திருந்தார்கள். செம்மங்குப்பத்துக்குப் பிறகு, ரயில்வே அமைச்சர் அந்த வரம்பை 10,000ஆகக் குறைக்க உத்தரவிட்டார். எல்லா கேட்களிலும் கேமரா, குரல்பதிவுகளைத் தினமும் சோதிப்பது என்ற உத்தரவுகளும் கூடவே வந்தன. நல்ல உத்தரவுகள். ஆனால் வரம்பு பாதியானதை எப்படிப் புரிந்துகொள்வது? ஜூலை 7 அன்று ஒரு மனிதரின் நினைவாற்றலை நம்பி விடலாம் என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கான கேட்களை அப்படி விடக் கூடாது என்று சில நாட்களுக்குள் அதே நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கேட் கீப்பர்கள் அதற்குள் மாறிவிடவில்லை. மாறியது டெல்லியில் ஒரு கோப்பில் இருந்த எண். அந்த எண்ணை 20,000 என்று வைத்திருந்ததும் ஒரு முடிவுதான். அதை எடுத்தவர்களை யாரும் கைது செய்யவில்லை. கைது செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர்களை விசாரணைக்குள்ளாவது கொண்டுவர வேண்டாமா?

இந்தப் புரிதல் புதியதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் உட்கார்ந்தது. ‘விமானிகளின் தவறு’ என்று அடுக்கடுக்காகக் கோப்புகள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சக்கர வடிவமும், மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவமும் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. எந்த விமானிக்கும் ‘கவனமாக இரு’ என்று வகுப்பு எடுக்க வேண்டி வரவில்லை.

‘அப்படியென்றால் யாருமே பொறுப்பில்லையா?’

இந்த வாதத்தைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு இதுதான், நியாயமான மறுப்பும்கூட. சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் என்று விதி இருக்கிறது. அதை மீறி ஆள் நிரப்புகிறார்கள். அறையை விட்டு மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குகிறார்கள். உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது உள்குத்தகைக்காரர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இதையெல்லாம் ‘தெரியாமல் நடந்த தவறு’ என்று யார் சொல்ல முடியும்?

சொல்ல முடியாது. தெரியாமல் கை தவறுவதும், தெரிந்தே விதியை மீறுவதும் வேறு வேறு. ஆனால் மீறலையும் யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். மருந்து செலுத்துகிறவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில். நூறு வெடிக்கு இவ்வளவு என்றால், வெயில் ஏறுவதற்குள் எத்தனை முடிக்க முடியுமோ அத்தனை முடிக்கத்தான் கை ஓடும். தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது அந்த வேகத்தை முதலாளியும் தடுக்க மாட்டார், ஃபோர்மேனும் தடுக்க மாட்டார். வெடித்த பிறகு செய்தியில் ‘உராய்வு காரணமாக’ என்று வரும். இது விடையே அல்ல. வெடிமருந்து உராய்ந்தால் வெடிக்கும் என்பது மருந்தின் குணம். உராயும் வேகத்தைக் கூலி முறையே நிர்ணயித்தது என்பதை முதல் தகவல் அறிக்கையில் எழுத இடமில்லை. ஃபோர்மேன் கைதாவார், உரிமம் ரத்தாகும், சில மாதங்களில் வேறு பெயரில் ஆலை திறக்கும். எண்ணிக்கைக் கூலி அப்படியே இருக்கும்.

எனவே பொறுப்பு மறைந்துவிடவில்லை, மேலே ஏறுகிறது. சட்டத்துக்கும் இது ஒருமுறை புரிந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, மனக்குறையுள்ள ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரைச் செலுத்திவிட்டார் என்றது யூனியன் கார்பைடு. அது உண்மை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்திவைத்ததும், வாயுவை எரித்துவிடும் கோபுரத்தின் குழாயைக் கழற்றிப் போட்டிருந்ததும் அந்தத் தொழிலாளியா? 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, கம்பெனி என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆலைக்குப் பொறுப்பாளி என்று வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆபத்தான ஆலைகளில் உடனடி அபாயம் என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளருக்கு எழுத்தில் கிடைத்ததும் அந்தத் திருத்தத்தில்தான்.

மேலிருப்பவரைத் தண்டித்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரசியல் மேடைகளில் இன்றும் அந்த விலகலைத்தான் பேசுகிறார்கள். பாலத்தை யாரும் பேசுவதில்லை. ராஜினாமா கண்ணியமான செயல்தான். ஆனால் அதுவும் ‘யார்?’ என்ற கேள்விக்குத்தான் விடை.

இன்னொரு மறுப்பு, பயம் விட்டுப்போனால் ஒழுங்கும் போய்விடும் என்பது. விமானத் துறையின் அனுபவம் நேர்மாறானது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு ரகசியப் புகார்முறையை நடத்துகிறது: விமானியோ, கட்டுப்பாட்டு அறை ஊழியரோ தன் பிசகைத் தானே எழுதி அனுப்பலாம், வேண்டுமென்று செய்ததோ குற்றச்செயலோ அல்லாதவரை, எழுதியவருக்குப் பெரும்பாலும் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. விபத்தாகாமல் தப்பிய பிசகுகள் அங்கே லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தண்டனைக்குப் பயந்த ஊழியர் தவறு செய்வதை நிறுத்துவதில்லை, தவறைச் சொல்வதைத்தான் நிறுத்துகிறார். 2022இல் கரக்பூர் கோட்டத்தில் நடந்த அந்தச் சிறு கோளாறு தெற்கு ரயில்வே வரை எல்லார் மேசைக்கும் ஓர் எச்சரிக்கையாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையே, அப்போது சரிசெய்திருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்கிறது.

பெட்டிச் செய்தி: சட்டம் எங்கே தொடங்குகிறது?

*2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கு முன்பு 10 தொழிலாளர்கள் போதும்; இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் 20ஆக இருந்தது 40ஆகியிருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பது 500 தொழிலாளர்களில் தொடங்குகிறது. ஆபத்தான தொழில் என்றால் 250இல். பொதுவாக 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம், அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, சட்டத்துக்குள் வராது.*

குடுமியான்மலை வயல்களில்

அந்தப் பத்துக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். குடுமியான்மலை விவசாய ஊர். அண்ணா பண்ணை, 2014இல் தொடங்கிய அரசு வேளாண் கல்லூரி, வேளாண் அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ‘ஸ்டாமின்’ நிறுவனம் என்று வேளாண்மைத் துறையின் பெரிய வளாகமே இங்கே இருக்கிறது. சுற்றிலும் உள்ள வயல்காட்டில் மருந்தடிக்க வருகிறவர் நாள்கூலிக்கு வருபவர். டேங்க் கணக்குக்கு வருபவரும் உண்டு. விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு இறங்குகிறார். மூடியில் ஊற்றி அளந்து கலக்குகிறார். அவருக்கு நிறுவனம் இல்லை, பாதுகாப்பு அலுவலர் இல்லை, விபத்துப் பதிவேடும் இல்லை. வாந்தி, மயக்கம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால்தான் அது ஒரு சம்பவம்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர், அரியலூர் பருத்திக் காடுகளிலும் சாவுகள். முகக்கவசம் போடவில்லை, கையுறை போடவில்லை, காற்றுக்கு எதிரே அடித்தார்கள் என்பதே இரண்டு இடங்களிலும் கேட்ட விளக்கம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆளுயரப் பருத்திக்குள், வெயிலில், ரப்பர் உடுப்பும் கவசமும் போட்டு அரைநாள் தாங்க முடியுமா என்று விளக்கம் சொன்னவர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வகுத்த பூச்சிக்கொல்லி நடத்தை நெறிமுறை இதை நேராகவே சொல்கிறது: அணியச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடுப்பு தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகள், கூலிக்காரர்கள் விஷயத்தில். உடுப்பைப் போடாத ஆளைத் திருத்தப் பார்க்காமல், அந்த உடுப்பு தேவைப்படும் மருந்தையே கடைக்கு வராமல் செய்யச் சொல்கிறார்கள். சிக்னலோடு இணைத்த கேட்டின் தர்க்கம்தான் இதுவும்.

இதற்குச் செலவாகுமே என்ற மறுப்பு இங்கே வலுவாகவே ஒலிக்கும். சிறு விவசாயியும் சிறு ஆலைக்காரரும் எங்கே போவார்கள்? முழுக்கத் தள்ளிவிட முடியாத கேள்வி. கேட்டை சிக்னலோடு இணைக்கப் பணம் வேண்டும், மாற்று மருந்து விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் இப்போதும் செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டுபவர்கள் வேறு ஆட்கள் என்பதால் கணக்கில் வருவதில்லை. நார்த்தாமலை நிவாரணத்தைக் கொடுத்தது மாநில அரசு. தளத்தில் பயிற்சி எடுத்தது மத்தியப் படை. பட்டாசு விபத்து நிவாரணம் பெரும்பாலும் அரசுக் கஜானாவிலிருந்து. மருந்தடித்து மயங்கியவரின் மருத்துவச் செலவு அவர் வீட்டு நகையிலிருந்து. விபத்தின் விலையை அதை வடிவமைத்தவர் தலையில் ஏற்றினால் ‘கட்டுப்படியாகாது’ என்ற பேச்சு எவ்வளவு குறையும் என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

எல்லாவற்றுக்கும் டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாமின் வகுப்பிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வட்டாரங்களுக்குத் திரும்பும் அலுவலர்கள் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ‘கவசம் அணியுங்கள்’ என்பதாகவே இருக்கிறது. அதோடு ஒரு வேலையையும் சேர்க்கலாம்: தன் வட்டாரத்தில் மருந்தடித்து மயங்கியவர் எத்தனை பேர், எந்த மருந்து, எந்தத் தெளிப்பான், எத்தனை மணிநேர வேலை, கூலி நாள் கணக்கா டேங்க் கணக்கா என்று, இறப்பு வரை காத்திருக்காமல், பெயர் கேட்காமல், வழக்கு போடாமல் குறித்துக்கொள்வது. இலுப்பூர், அன்னவாசல் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேட்டையும் பூச்சிமருந்துக் கடைகளின் விற்பனைப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பருவத்தில் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். எந்த மருந்தை வட்டாரத்தில் விற்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அரசுக்கு எழுத, அந்தப் பட்டியல் ஒன்று போதும்.